செல்லத்துரை அண்ணை வரைந்த கோட்டை

சென்ற மாதம் ஒரு காலை, இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் செய்தி வந்தது. செல்லத்துரை அண்ணை காலமாகிவிட்டார். அவருடைய மகள் அழுதபடியே, "மாஸ்டர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் குடுக்கிற நினைவு மலரிலை அப்பாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். ஓம் என்றேன். அவர்மீது எனக்கிருந்த பொறாமை அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அண்ணையும் நானும் ஒரே தீவில் பிறந்தவர்கள். அங்கே நான் சரித்திர ஆசிரியர்; அவர் ஆடு வளர்த்தவர். புலம்பெயர்ந்து வந்த இங்கே இருவரும் ஒரே தொட்டியில் கோப்பை கழுவினோம்.

நான்கு வருடங்களுக்கு முன், இங்குள்ள ஊர்க்காரரின் ஒன்றியக் கூட்டத்தில் எங்கள் தீவின் ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றிப் பேசினேன். அதன் நடுவிலுள்ள வட்டமான கட்டு ஒல்லாந்தரின் தண்ணீர்த் தொட்டி என்றேன். அண்ணை மெதுவாக எழுந்தார்.

"குறை நினையாதேங்கோ மாஸ்டர். அது தொட்டி இல்லை. ரெண்டாம் உலகச் சண்டைக்கை வெள்ளைக்காரன் பீரங்கி பூட்டின மேடை. சுத்திவரப் பன்னிரண்டு இரும்பாணி நிக்குது. அதிலைதான் நான் ஆடு கட்டினனான்."

சபை சிரித்தது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதான். கோட்டை நிற்கும் மேற்குக் கரைவரை நடக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறி நான்; அந்தக் கோட்டைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அன்றிலிருந்து ஊரைப் பற்றி என்ன சந்தேகமென்றாலும் எல்லோரும் அவரையே கேட்டார்கள், என் மனைவி உட்பட.

அடுத்த மாதம் அண்ணை கோட்டையைப் படமாக வரைந்து கொண்டுவந்தார். பீரங்கி மேடை, காவல் அறை, குண்டு வைத்த நிலவறை எல்லாம் அதில் இருந்தன. "இப்ப அங்கை நேவி நிக்குது. நாளைக்கு இடிச்சாலும் இடிப்பாங்கள். ஒன்றியத்தின்ரை ஆண்டு மலரிலை போடுங்கோ, எங்கடை பிள்ளையள் பாக்கட்டும்" என்றார்.

அந்த மலருக்கு நான்தான் ஆசிரியர். எங்கள் ஹோட்டல் சமையல்காரர் இந்த நாட்டு மலைக்கோட்டை ஒன்றில் பீரங்கிப் படையில் சேவை செய்தவர். பிழை பிடித்துத் தருவார் என்ற ஆசையில் அவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் ஆணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை இவ்வளவு சரியாக வரைந்தவர் எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்டார். ஆடு வளர்த்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"இந்தமுறை வருமோ மாஸ்டர்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். "மலரிலை இடம் காணாது அண்ணை" என்பேன். அவர் கோபித்ததே இல்லை. அந்தப் பொறுமையும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அவர் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். நான் வாய் திறக்கமுன் அவர் என் கையைப் பிடித்தார்.

"படத்திலை பிழை இருந்தபடியாத்தானே மாஸ்டர் நீங்கள் போடேல்லை? சொன்னா நான் வெக்கப்படுவன் எண்டு இவ்வளவு காலமும் பேசாமல் இருந்திட்டியள். நீங்களே திருத்திப் போடுங்கோ."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இறுதிச் சடங்கன்று மண்டபம் நிறைந்த சனத்தைப் பார்த்தபோதும், என் சாவுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்த நினைவு மலரின் நடுப்பக்கம் முழுவதும் நீங்கள் வரைந்த படம்தான் அண்ணை. கீழே உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நான் அதில் ஒரு கோட்டையும் திருத்தவில்லை. நான்கு வருடம் பிழை தேடினேன், ஒன்றுமே கிடைக்கவில்லை. அதனால்தான் போடவில்லை. போய்வாருங்கள்.