வலக்கையில் வஞ்சிரம்

மத்தி மீனைப் புரட்டுவதில் தொடங்குகிறது எல்லையம்மாளின் காலை. வாங்க ஆள் வருவதற்கு முன்பே வலக்கையால் ஒன்றை எடுப்பார், செவுளை விரிப்பார், மணிக்கட்டைத் திருப்பிச் சிவப்பைக் காட்டுவார், வைப்பார். மத்தி சலித்ததும் சங்கரா மீன். ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து வீட்டுப் பூனையிடம் இருக்கிறது. "பந்தையா விக்கப் போறேன்?" என்பார்.

நாகப்பட்டினம் மார்க்கெட்டில் செவுளைக் காட்டாமல் ஒரு மீன் போகாது. அப்படிக் காட்டுகிற கையின் மணிக்கட்டுதான் போன ஆடியில் நொறுங்கியது. துறைமுகத்து ஐஸ் தண்ணீரில் வழுக்கி, கையூன்றி விழுந்தார். வேறு யாராவது என்றால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இந்த அம்மாள் வீங்கிய கையை ஐஸ் பெட்டிக்குள் புதைத்துக்கொண்டு, இடக்கையாலேயே கூடையைக் காலிசெய்துவிட்டுத்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குவைத்திலிருந்து மகன் வீரமணி போனில் முந்திக்கொண்டான். "மாவுக்கட்டு போதும் டாக்டர். கோணலா கூடினாலும் பரவால்ல, அம்மா இனிமே வீட்லதானே இருக்கப் போவுது."

"வூட்ல இருக்கப் போறேன்னு யாருடா சொன்னா?" எல்லையம்மாள் போனைப் பார்த்துச் சீறினார்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். உள்ளங்கைப் பக்கம் வைக்கிற சின்ன பிளேட் இந்த நொறுங்கலுக்குத் தாங்காது. புறங்கை எலும்பிலிருந்து முன்கைவரை பாலம்போல நீளமாக ஒன்று போட வேண்டும். எலும்பு கூடியதும் இன்னொரு ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டும். அதுவரை மணிக்கட்டு மடங்காது.

"மடங்காட்டிப் போவுது. எடுத்தப்புறம் திரும்புமா? அதச் சொல்லுங்க."

"பயிற்சி செஞ்சா முக்கால்வாசி திரும்பும்மா."

"அப்ப பாலத்தப் போடுங்க."

பிளேட் இருந்த மாதங்களிலும் கடையை விடவில்லை. மணிக்கட்டு மரக்கட்டையாகக் கிடக்க, விரல்களால் மட்டும் இறால் உரித்தார். பிளேட்டை எடுத்த பிறகு வலக்கைக்கு மத்தி வந்தது, சங்கராவும் வந்துவிட்டது. வஞ்சிரத்துக்கு மட்டும் இன்னும் இடக்கைதான்.

லீவில் வந்திருக்கும் வீரமணி நேற்று மார்க்கெட்டுக்கே வந்துவிட்டான். "பெரிய மீனத் தூக்க முடியல. இன்னும் எதுக்கும்மா இந்த வீம்பு? எடத்த பிரதீபாவுக்கு விட்டுட்டு வா." பக்கத்துக் கடைப் பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லையம்மாள் பலகையில் இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்துக்கு அடியில், தழும்பு ஓடிய வலக்கையை நுழைத்தார். பல்லைக் கடித்தார். மீன் எழுந்தது, புரண்டது. இடக்கை விரலால் செவுளை விரித்து, மகனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்க, ரத்தமாட்டம் இருக்கு. வாங்கறியா? இல்லாட்டி நவுரு, ஆளு நிக்கிது."