ஒரு செகண்ட்

எண்பதுகளில், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் மேலாளராக இருந்த நான், செக்கிங் பெண் ஒருவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினேன். பனியனைக் கைமுட்டியில் மாட்டி, டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் 'செகண்ட்ஸ்' என்ற இரண்டாந்தரக் குவியலில் போடுவார். அவர் ஒருவருக்கு இரண்டாம் மனைவி. ஆங்கில எம்.ஏ. திமிரில், "நீங்களே செகண்ட்ஸ்தானே?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அடுத்த பனியனை எடுத்தார்.

மறுநாள் அதே இடத்தில் மன்னிப்புக் கேட்கப் போய், "ஒரு செகண்ட்..." என்று இழுத்தேன்.

"ஏனுங்க சார், மறுபடியுமுங்களா?"

"ஐயோ, இது நேரத்தைச் சொல்ற செகண்டுங்க!"

இம்முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த பனியனைச் செகண்ட்ஸ் குவியலில் போட்டார்.

"ஓட்டையைத் தெச்சாலும் செகண்ட்ஸ் செகண்ட்ஸ்தானுங்க சார்."

பனியனைச் சொன்னாரா, என்னையா என்று கேட்க எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.