என் முதல் பேப்பரில் அப்பாவின் பெயர்

எங்கள் லேபுக்குள் நுழைந்தாலே ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறும். அதற்கு மேல் சிப்பி வாடை... சாயங்காலம் வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் லேசாக நகர்ந்துகொள்வார்கள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். முத்துச்சிப்பி பற்றிய என் முதல் ஆராய்ச்சிப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பியபோது, ஆன்லைனில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை.

நமக்கு ஏது சர்நேம்? சர்டிஃபிகேட்டில் நான் எஸ். பேச்சியம்மாள். அந்த எஸ், அப்பா சுடலைமுத்து. அவர் பெயரையே போட்டு அனுப்பிவிட்டேன்.

பேப்பரை ஏற்றுக்கொண்டார்கள். வெளியிடும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்தது. கூட ஆராய்ச்சி செய்த நாசரேத்துக்காரி ஜெபா எட்டிப் பார்த்தாள்.

"ஏளா பேச்சி, உங்க அப்பா எப்பளா சிப்பி ஆராய்ச்சி பண்ணுனாரு?"

அப்போதுதான் உறைத்தது. இனி யார் இந்தப் பேப்பரை மேற்கோள் காட்டினாலும் 'சுடலைமுத்து' என்றுதான் எழுதுவார்கள். என் பெயர் சுருங்கி வெறும் 'பி'.

"எடிட்டருக்கு மெயில் போடுளா."

"எடுத்ததே பெருசு. பேர மாத்துங்கன்னு கேட்டு, திருப்பி அனுப்பிட்டா?"

"அப்ப பிஎச்.டி. வைவாவுக்கும் உங்க அப்பாவையே வரச் சொல்லு."

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அவுக பேரு வெளிநாடெல்லாம் போகுது. கெடக்கட்டும் விடு."

ஹார்பரில் லாரி ஓட்டும் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நான் எங்கன எழுதுனேன்? வெயில்ல கடல்ல நின்னவ நீ. மாத்தச் சொல்லு. திருப்பி அனுப்புனா வேற எடத்துக்கு அனுப்பு. ஹார்பர்ல ஒரு கேட்டுல உள்ள விடலன்னா நான் லோடோட வீட்டுக்கா வந்துருதேன்?"

மறுநாள் அந்தச் சின்ன மெயிலை எழுதக் காலைப்பொழுது முழுக்கப் போனது. வரிக்கு வரி 'சாரி'. ஜெபா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, எல்லா 'சாரி'யையும் அழித்து, என்னையே அனுப்ப வைத்தாள்.

ஒரே வரியில் பதில் வந்தது. திருத்திவிட்டார்களாம். அவ்வளவுதான்... அதற்கா அப்படிப் பயந்தேன்?

பிஎச்.டி. முடித்து, இப்போது அதே லேபில் போஸ்ட்டாக் செய்கிறேன். வாடை மாறவில்லை. ஜூனியர் யாராவது முதல் பேப்பரோடு வந்தால், கிராஃபைப் பார்ப்பதற்கு முன்பே பெயரைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் பேப்பரில் எப்படிப் போடுகிறீர்களோ, கடைசிவரை அப்படியே இருக்கட்டும். ப்ரூஃப் வந்தால் முதலில் உங்கள் பெயரைப் படியுங்கள். தப்பென்றால் கேளுங்கள், திருத்துவார்கள்.

அந்த முதல் பேப்பரிலும், பிறகு வந்த என் எல்லாப் பேப்பரிலும் நான் பேச்சியம்மாள் எஸ்.தான். அப்பா அந்த ஓர் எழுத்தில் கூடவே வருகிறார்.

ஜெபா வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். எடிட்டர்களுக்கு மெயில் எழுதும்போது இன்னமும் 'சாரி' தானாக வந்து விழுகிறது. பக்கத்து நாற்காலியில் ஆளில்லை.

நானே அழித்துவிட்டு அனுப்புகிறேன்.