காது வைத்துக் கேட்டவர்

அந்த ஏ.சி. மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான மனிதர், காதோரம் மட்டும் நரைத்திருந்தது. எந்த மெஷினையும் திறப்பதற்கு முன் கண்ணை மூடி, அதன்மேல் காதை வைத்துக் கேட்பார்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பஞ்சு மில். ஆடிக் காற்று ஆரம்பித்தால் ஆறு வயது மகளுக்கு வீசிங் வந்துவிடும். தூசி வராமலிருக்க ஜன்னல்களை அடைத்து, பழைய ஏ.சி. ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஓடிப்போய் அதைக் கூட்டிவைப்பேன். அந்த வருஷம் வீசிங் அதிகமானது, ஏ.சி.யும் உறும ஆரம்பித்தது. அவரை வரச்சொன்னோம்.

அவர் முன்மூடியைக் கழற்றி ஃபில்டரை உருவினார். வலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரித் தூசி.

"ஏனுங்க, இதைக் கழுவறதே இல்லீங்களா?"

"கழுவோணுங்களா?" என்றேன்.

அவர் கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தார். "இதைத்தானுங்க பாப்பா மூச்சா இழுத்திருக்குது."

ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஓடவிட்டு, மறுபடி காதை வைத்தார். உறுமல் இல்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "ஒரு நிமிசம் கண்ணு" என்று மகளை உட்காரவைத்து, அவள் முதுகில் காதை வைத்தார். கண்ணைத் திறக்க வெகுநேரமாயிற்று.

"மிசினுல சத்தம் நின்னுபோச்சுங்க. இங்க நிக்கலீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

போனோம். பிழைத்தாள்.

இப்போது வாரந்தோறும் ஃபில்டரைக் கழுவுகிறேன். அவள் முதுகில் காதையும் வைக்கிறேன். மூச்சைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. உள்ளே ஒன்றுமில்லையா, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே எழுந்திருக்கிறேன்.