எந்த நேரத்தே?

போன வருடம் ஜூன் மாதம், விடாத மழை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். மலையாளம் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன்.

அன்று விடிகாலையில் என் மூன்று வயது மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் அவளுக்கு அப்படி வந்ததே இல்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிழக்கேகோட்டையில் இருக்கிறார். தமிழ் பேசுவார், நடந்தே போய்விடலாம். ஆனால் அவருடைய மருத்துவமனை எங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் இல்லை. வருடா வருடம் பிரீமியம் ஏறுகிறது, பட்டியல் சுருங்குகிறது. இவ்வளவு கட்டிவிட்டு வெளியே போவதா என்று, பட்டியலில் இருந்த கழக்கூட்டம் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தோம். அந்த மழையில் மகளை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சரியாகத்தான் செய்கிறோமா என்று வழியெல்லாம் தவித்தேன்.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் நெபுலைசர் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஸ்வாசம்முட்டல் நேரத்தே உண்டாயிருந்நோ?"

ஸ்வாசம்முட்டல் என்றால் மூச்சுத்திணறல் என்று ஊகித்தேன். எங்கள் ஊரில் நேரத்தே என்றால் காலையில் வெள்ளென. "ஆமா டாக்டர், நேரத்தேயே இருந்துச்சு" என்றேன்.

மகள் தேறிவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில், இன்சூரன்ஸ் பணம் வராது என்றார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயாம். நான்தான் கவனிக்காமல் விட்டேனோ என்று, அவள் பிறந்ததிலிருந்து வந்த சளி இருமலையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். டாக்டரிடம் கேட்டால், "நேரத்தே உண்டென்னு நிங்ஙள் தன்னெயல்லே பறஞ்ஞது?" என்றார், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் நேரத்தே என்றால் முன்பே என்றும் அர்த்தம்.

விளக்கிச் சொன்னேன். கேஸ் ஷீட்டில் எழுதியதை மாற்ற முடியாது என்று ரவுண்ட்ஸ் போய்விட்டார். "விடு, கட்டிட்டுப் போவோம். பிள்ளைக்குச் சரியாச்சுல்லா" என்றார் கணவர். அவர் சொன்னால் கேட்கிறவள்தான் நான். அன்று கேட்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தவர், இங்கே குடியிருந்தால் மலையாளம் படிக்க வேண்டாமா என்று சிரித்தார்.

"படிக்கேன் டாக்டர். நீங்க இந்த ஒரு தமிழ் வார்த்தையை மட்டும் படிங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் நிக்கேன்."

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். நான் கிழக்கேகோட்டை டாக்டருக்கு போன் போட்டு இளம் டாக்டர் கையில் கொடுத்தேன். குழந்தைக்கு இளைப்பு இதுதான் முதல் தடவை என்று நல்ல மலையாளத்தில் சொன்னது, பட்டியலில் இல்லாத அந்த டாக்டர்தான். இளம் டாக்டர் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே இன்சூரன்ஸ் அனுமதி வந்தது.

இந்த வருடம் பிரீமியம் மறுபடி ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதுவேன். புதுப்பிப்பதற்காக போனில் அழைத்த கம்பெனிப் பெண், "குட்டிக்கு நேரத்தே எந்தெங்கிலும் அசுகம்..." என்று குழந்தையின் நோய்நொடி பற்றி ஆரம்பித்தாள்.

"எந்த நேரத்தே?" என்று கேட்டேன்.

புரியாத கேள்விக்கும் மரியாதைக்காக ஆமாம் போடுகிற என் பழக்கத்தை, கழக்கூட்டத்தில் அந்த டாக்டர் அறை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.