ஏலிக்குட்டி டெஸ்ட்

பாலா டவுனில் சாவு வீட்டுக்கு ஃபோட்டோ பிடிக்க வேண்டுமென்றால் பைலிச்சேட்டனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த மீசையோடு வந்து சிரிக்கச் சொன்னால் மணப்பெண் பயந்துவிடுவாள் என்று ஸ்டுடியோ முதலாளி தங்கச்சனே கேலி பேசுவார். ஆனால் சவப்பெட்டியைச் சுற்றி ஒரு குடும்பத்தை நிறுத்த அவரை விட்டால் ஆள் கிடையாது. தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார், பேச்சை விட்டுவிட்ட அண்ணன் தம்பிகளை எந்தெந்தப் பக்கம் பிரித்து வைப்பது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"மூத்த மருமகன் கொஞ்சம் உள்ள வாங்க. அழறவங்க அழுதுக்கிட்டே இருங்க, பரவாயில்ல. கேமராவப் பாக்க வேண்டாம், அம்மச்சியப் பாருங்க."

எங்கள் ஸ்டுடியோ மீனச்சல் ஆற்றை ஒட்டிய தெருவில், கீழ்த்தளத்தில். மாடியில் தையல் வகுப்பு. நானும் ஷைனிச்சேச்சியும் உள்ளே ஆல்பம் வடிவமைப்போம். பைலிச்சேட்டன் எடுத்து வருவதை எல்லாம் மூலையில் இருந்த ஒரு பழைய கணினியில் போட்டு வைப்பார். அதை நாங்கள் பெட்டி என்போம். அந்தப் பெட்டியில்தான் 'ஏலிக்குட்டி டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

ஏலிக்குட்டி அவர் மனைவி. கடைக்குப் புது கேமராவோ மைக்கோ வந்தால் அதை முதல்முதலாகச் சாவு வீட்டில் சோதித்துப் பார்க்க முடியாது. அங்கே இரண்டாம் தடவை எடுக்கிற வசதி இல்லை. அதனால் அவர் அதை மேலுகாவு மலைச் சரிவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஏலிக்குட்டியை முற்றத்தில் நிறுத்துவார். வெயிலில் ஒரு வீடியோ, ரப்பர் மர நிழலில் ஒன்று, விளக்கு போட்டு ஒன்று. அவளும் மிளகு காயப்போட்டபடியோ கோழியை விரட்டியபடியோ எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். இவர் அடுத்த நாள் வந்து அளவுகளைப் பார்த்துவிட்டு அந்த ஃபோல்டரில் போட்டுவிடுவார். அதை வேறு யாரும் திறந்ததில்லை.

போன வருஷம் ஓணம் முடிந்த வாரம் ஏலிக்குட்டி செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள்தான். பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஆள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தான். ஆல்பம் வந்த அன்று பைலிச்சேட்டன் அதை மடியில் வைத்துப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஏலிக்குட்டி கண்ணை மூடியிருந்தாள். தலையில் பூக்கிரீடம், கையில் ஜெபமாலை.

"இத்தன வருஷமா ஊருக்கு இதத்தானாடா குடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டில் தேடிப் பார்த்ததில் கண் திறந்த ஏலிக்குட்டி எங்குமே இல்லை. ரேஷன் அட்டையில் ஒன்று, அதுவும் கரிக்கட்டை மாதிரி. ஃபோட்டோகிராபர் வீட்டில் யார் ஃபோட்டோ எடுத்து மாட்டுகிறார்கள்? அப்போதுதான் அவருக்கு டெஸ்ட் ஃபோல்டர் நினைவுக்கு வந்தது.

கல்யாண சீசன். கணினி முன் உட்கார இடம் கிடையாது. தினமும் வந்து எங்கள் பின்னால் நின்று, "கொஞ்சம் அந்த ஃபோல்டரத் திற மோளே" என்று கெஞ்சுவார். ஷைனிச்சேச்சி ஒரு நாள் அவர் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் டின்சி வாங்கிக் கொடுத்த ஃபோன். அதைக் கடை வைஃபையில் சேர்த்து, பெட்டியின் பொது ஃபோல்டர்களைத் திறக்கிற மாதிரி செய்து கொடுத்தாள்.

"இந்தாங்க சேட்டா, இனிமே எல்லாம் உங்க ஃபோன்ல. என் முதுகுக்குப் பின்னால நின்னு மூச்சு விடாதீங்க. வெளிய பெஞ்சில போய் ஆறஅமர உக்காந்து பொண்டாட்டியப் பாருங்க."

"ஃபோன் அணைஞ்சுட்டா?"

"அணைஞ்சா என் கிட்ட சொல்லுங்க. இப்ப போங்க."

ஃபோன் வெறும் சன்னல், பார்ப்பதெல்லாம் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். சுவாசிப்பதைப்போல் தெரிந்த விஷயம். அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பைலிச்சேட்டனுக்குப் பெஞ்சுதான் வீடு. பால் விடாத கட்டன் சாயா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு பார்ப்பார். சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். ஏலிக்குட்டிக்கு வாய் நீளம். இவரைப் பற்றி என்ன சொல்லியிருப்பாளோ, கடைக்கு வருகிறவர்கள் கேட்டுவிடக்கூடாதே என்ற கூச்சம்.

"மௌனப் படமா சேட்டா?" என்பார் தங்கச்சன்.

"உசிரோட இருந்தப்பத்தான் கேட்டுத் தீத்தாச்சே."

"அப்ப வீட்ல போயாவது சத்தத்தோட கேளும்யா."

"வீட்ல எங்க? தொட்டா வட்டம் சுத்துது. எங்க மலையில ஃபோனுக்கு ரேஞ்ச் கெடைச்சா நான் ஏன் இங்க வந்து உக்காரறேன்?"

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் வீட்டில் எல்லாமே வட்டம் சுற்றும்தான். மகள் கூப்பிட்டால்கூட ரப்பர் தோட்டத்தைத் தாண்டிப் பாறைமேல் ஏறி நின்றுதான் பேசுவார். ஃபோல்டரைத் திறந்தால் வீட்டிலும் வரிசை வரிசையாய் ஏலிக்குட்டியின் குட்டிப் படங்கள் தெரிந்தன. ஒரு தரம் பார்த்ததன் சின்ன அச்சு, ஃபோன் தானாகவே வைத்துக்கொண்டது. தபால்தலை அளவு முகங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். டின்சியிடம் சொன்னார்: "அம்மாவோட ஆண்டு ஜெபத்துக்கு நீ வருவேல்ல, அப்ப சத்தத்தோட ஒண்ணா உக்காந்து கேப்போம். அதுவரைக்கும் நானும் கேக்க மாட்டேன். அம்மா ஃபோன்லதான் இருக்கா."

ஆனி கடைசியில் மழை விடாமல் பெய்தது. மேலே தீக்கோயி மலையில் காலையில் விழுகிற மழை ஆற்றோடு எங்கள் தெருவுக்கு வந்து சேர மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் தெரு முழுக்கச் சாமான்களை மாடிக்கு ஏற்றுவோம். அன்றும் ஏற்றினோம். ஆனால் தண்ணீர் முந்திக்கொண்டது. சாக்கடை வழியாகப் பின்பக்கம் புகுந்து கணுக்கால் அளவு நின்ற பிறகுதான் பார்த்தோம்.

"கல்யாண டிஸ்குகளை முதல்ல எடு! அந்த லண்டன்காரப் பையன் ஆல்பத்த விட்டுறாதீங்க, அவன் என்னைய உசிரோட பொதச்சுருவான்!" தங்கச்சன் படியில் நின்று கத்தினார்.

மாடிப்படி குறுகலானது. இரண்டு ஆள் எதிரெதிரே போக முடியாது. பைலிச்சேட்டன் அந்த வயதில் விளக்குகளைத் தூக்கினார், அச்சு எந்திரத்தைத் தூக்கினார், யாரோ ஒருத்தி மணக்கோலத்தில் சிரிக்கும் ஆளுயரப் படத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏறினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மூலையில் பழைய பெட்டி மேசைக்கடியில் ஒயர்களோடு பிணைந்து கிடந்தது. பாதி நனைந்திருந்தது.

"சேட்டா, பழைய பெட்டிய அவுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"விடுடா. அதுல பழைய சாவுங்கதான், எல்லாருக்கும் எப்பவோ போட்டுக் குடுத்தாச்சு. எனக்கு வேண்டியது எங்கிட்ட இருக்கு." சட்டைப் பையைத் தட்டினார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபோன். "நீ அந்தப் பொண்ணு வீட்டு ஆல்பத்த எடு. ஜாக்கிரதை, முனை மடங்கிரும்."

ஷைனிச்சேச்சி மெமரி கார்டில் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் போட்டுக் கொடுத்திருப்பேன் என்று அவள் நினைத்திருந்தாள். ஆல்பத்தை எடுத்தேன். முனை மடங்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் தெருவே ஒரே நிறமாக இருந்தது. நனைந்தவற்றையெல்லாம் வாசலில் குவித்தோம். பழைய சாமான் லாரி வந்தபோது பெட்டியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பைலிச்சேட்டனும் பிடித்தோம். உள்ளேயிருந்து சேறு ஒழுகி அவர் வேட்டியில் விழுந்தது. "போற காலத்துலயும் கறை வைக்குது பாரு" என்று சிரித்தார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்த அவருடைய சிரிப்பு.

கடை மறுபடி திறந்தது. புது கணினிகள், புது வைஃபை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைத் தொட்டார். வட்டம் சுற்றியது.

"மோளே, கடையிலயும் ரேஞ்ச் போச்சு."

ஷைனிச்சேச்சி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குட்டிக் குட்டியாய் ஏலிக்குட்டி, வரிசை வரிசையாய். எதைத் தொட்டாலும் வட்டம். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கணினி கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

"சேட்டா… இத எங்கயாவது காப்பி பண்ணி வச்சீங்களா?"

"எதுக்கு? அதான் இருக்கே."

"இல்ல சேட்டா. இது இங்க இல்ல."

"இங்கதான் இருக்கு, கண்ணு தெரியலயா ஒனக்கு? இதோ சிவப்புச் சட்டை போட்டு நிக்கறா. இது கோழி. இது பலாப்பழம் வெட்டறப்ப."

ஷைனிச்சேச்சி சொல்லிப் பார்த்தாள். சன்னல் என்றாள், பெட்டி என்றாள், கடைசியில் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. ஃபோனை வாங்கி, தெரிந்த பதில் தப்பாகிவிட்ட பள்ளிப் பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புதுப் பெட்டியில அதப் போடு."

"எத சேட்டா போடறது?"

அன்றே ஏற்றுமானூருக்கு பஸ் ஏறினோம். பழைய சாமான் கிடங்கில் அந்த மழையில் நனைந்த மாவட்டமே குவிந்து கிடந்தது. ஃபிரிட்ஜுகள், தையல் எந்திரங்கள், பள்ளிக்கூடத்துக் கணினிகள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சேற்று நிறம். பைலிச்சேட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். எங்கள் பெட்டியின் பக்கவாட்டில் புனித செபஸ்தியாரின் ஸ்டிக்கர் உண்டு. அதைத் தேடினார்.

கிடங்குக்காரன் பீடியை அணைத்துவிட்டு வந்தான். "என்ன சேட்டா, புதையலா? இவ்வளவு நேரமா தோண்டறீங்க."

"ஒரு கம்ப்யூட்டர். எங்க கடையோடது."

"வெறும் கூடு வேணும்னா இருக்கும். உள்ளாற இருக்கற டிஸ்கு, செம்பு, எல்லாம் கழட்டித் தனித்தனியா லாரி ஏத்தியாச்சு. அரைச்சுருவாங்க."

"எங்க?"

"தமிழ்நாட்டுப் பக்கமோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்? மீன் வித்தவன்கிட்ட யாரு தின்னான்னு கேப்பீங்களா?"

கடைசியில் ஸ்டிக்கர் கிடைத்தது. செபஸ்தியாரின் உடம்பில் தைத்த அம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பெட்டிக்குள் ஒன்றுமில்லை. பைலிச்சேட்டன் கையை உள்ளே விட்டு நான்கு மூலையும் தடவினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வா, பஸ் போயிரும்" என்றார்.

அதற்குப் பிறகு சாவு வீட்டுக்கு அவர் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனார். குடும்பம் சவப்பெட்டியைச் சுற்றி நின்று காத்துக்கொண்டிருந்தது. அவர் கேமராவைத் தூக்கவே இல்லை. "இவரு பேசறது யார்கிட்டயாவது இருக்கா? சத்தத்தோட இருக்கா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாராம். குடித்திருக்கிறார் என்று நினைத்து வெளியே கூட்டிவந்தார்கள். தங்கச்சன் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

ஆண்டு ஜெபத்துக்கு டின்சி வந்தாள். ஷைனிச்சேச்சியும் நானும் போயிருந்தோம். கல்லறையில் ஜெபம் முடிந்து, அப்பமும் இறைச்சியும் சாப்பிட்டு உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்த பிறகு, டின்சி பையிலிருந்து ஒரு ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல் வைத்தாள். நல்ல ஸ்பீக்கர். அவளிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"சாச்சா, ஃபோனக் குடுங்க. அம்மா குரலக் கேட்டு ஒரு வருஷமாச்சு." அப்பா அவளுக்கு எப்போதும் சாச்சாதான்.

அவர் கொடுத்தார். அவள் தொட்டாள். வட்டம் சுற்றியது.

"இங்க ரேஞ்சே இல்லல்ல" என்று அவள் சிரித்தாள். "வாங்க, பாறைக்குப் போவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஷைனிச்சேச்சிதான் சொன்னாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள். டின்சி கேட்டுவிட்டு அந்தக் குட்டிப் படங்களில் ஒன்றை விரலால் பெரிதாக்கப் பார்த்தாள். அது பெரிதாகவில்லை. முற்றத்தில் கோழிகள் அப்பத் துணுக்குகளைக் கொத்திக்கொண்டிருந்தன. முன்பென்றால் ஏலிக்குட்டி விரட்டியிருப்பாள்.

ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு டின்சி கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "சரி சாச்சா, அம்மா என்ன சொல்லுவா அதுல? நீங்கதானே எடுத்தீங்க, பக்கத்துலதானே நின்னீங்க. அதையாவது சொல்லுங்க."

பைலிச்சேட்டன் நெற்றியைச் சுருக்கினார். "சிவப்புச் சட்டை போட்டதுல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. சத்தம் காட்டற மீட்டர் முள் சிவப்புக்குப் போச்சு. தள்ளி நில்லுன்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"காத்து இருந்துச்சு. மைக்குல காத்து அடிச்சுது."

"சாச்சா, அம்மா."

அவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை நாள் பார்த்த முகம் அவருக்கு மனப்பாடம். இடது கையை இடுப்பில் வைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். வாய் திறந்தது, உதடு குவிந்தது, கீழுதடு ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. எதையோ கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அலுத்துப்போய்க் கையை உதறுகிற மாதிரி. சத்தம் வரவில்லை.

டின்சி மேசைமேல் குனிந்து காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து செய்து காட்டினார்.