கொடிக்காலுக்கு இரண்டு மாத நோட்டீஸ்

தெருவில் என்னை இன்னமும் சர்க்கார் வக்கீல் என்றுதான் சொல்கிறார்கள். சர்க்கார் என்னைக் கைகழுவி எத்தனையோ காலம் ஆயிற்று. அந்தச் சர்க்காரே மூட்டை கட்டப்போகிறது என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பட்டம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. காய்கறிக் கடைக்காரர் தன் ஆளிடம், "சர்க்கார் வக்கீலய்யாவுக்கு நல்லதாப் பாத்துப் போடு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சொத்தைக் கத்தரிக்காயாகப் போடச் சொல்லிக் கண்ணைக் காட்டுகிறார். அதைப் பார்த்தும் பாராதது போலப் பையை நீட்டுகிறேன். இவ்வளவுதான் மிச்சம்.

சர்க்கார் வக்கீல் என்றதும் கொலைக்கேஸ், தூக்குத்தண்டனை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது வேறு ஆள். நான் சிவில் பக்கம். புறம்போக்கு, தண்ணீர்த் தீர்வை, கண்மாய்க்கரை மரங்கள், வேலை போன கிராம முன்சீப், அடைபட்ட மடை, இவைதான் என் உலகம். எழுமலையிலிருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் யாராவது சர்க்கார் மேல் வழக்குப் போட்டால், அப்படிப் போட்டது செல்லாது என்று சொல்வது என் வேலை. சர்க்கார் செய்தது சரி என்று சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அதற்கு முன்பே கேஸ் விழுந்துவிடும்.

விழ வைப்பதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சர்க்கார் மேல் வழக்குப் போடுவதென்றால் முதலில் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ட்டுப் படியேறலாம். அந்த இரண்டு மாதத்தில் சர்க்கார் தான் செய்ததை யோசித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். என் அனுபவத்தில் சர்க்கார் யோசித்ததாக ஒரு தடவையும் கேள்விப்படவில்லை. நோட்டீஸ் வந்தால் அதன் மேல் ஒரு முத்திரை விழும். பிறகு அது காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். அவசரம், ஆபத்து என்று கதறினாலும் விதிவிலக்குக் கிடையாது என்று மேல்கோர்ட்டில் தீர்ப்பும் ஆகியிருந்தது. அந்தத் தீர்ப்பை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

சோழவந்தான் கேஸ் முப்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. வழக்குப் போட்டவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். பெயர் வேண்டாம், வாதி என்றே சொல்கிறேன். இரண்டு தீர்ப்புகளிலும் அவரை அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட என் வயது. காதில் கடுக்கன், தோளில் மடித்துப் போட்ட துண்டு. கோர்ட் வராந்தாவில் யாராவது வெற்றிலை மடித்தால் அந்த இலையை வாங்கித் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர்க் கொடி என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

நடந்தது இதுதான். அவருடைய கொடிக்காலுக்குத் தண்ணீர் விடும் சின்ன மடைக்குப் பக்கத்தில், சுற்றுப்பயணம் வரும் துரைமார் தங்குவதற்குச் சர்க்கார் இலாகா ஒன்று பங்களா கட்டியது. கட்டி முடித்த வருஷமே பங்களாச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. சுவரைச் சரியாகக் கட்டவில்லை என்று யார் எழுதுவார்கள்? மடைதான் காரணம் என்று எழுதி, மடையைச் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்து அடைத்துவிட்டார்கள். சித்திரை வெயில். வெற்றிலைக் கொடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நாலு நாள் தவறினால் இலை பழுக்கும், அதற்கு மேல் கொடியே போய்விடும். வாதி ஓடிவந்து வழக்குப் போட்டார், மடையைத் திறக்க உடனே உத்தரவு வேண்டும் என்று. யார் மேல்? சட்டப்படி இந்தியா மந்திரி மேல். லண்டனில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் சோழவந்தான் மடையை அடைத்ததாகப் பிராது.

கேஸ் கட்டு என்னிடம் வந்ததும் ஒரு காரியம் செய்தேன். நோட்டீஸ் கொடுக்காததால் வழக்கு நிற்காது என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே, வாதி கேட்பதில் நியாயம் இருக்கிறது, மடையைத் திறந்துவிட்டுச் சுவரைப் பழுதுபார்ப்பது நல்லது என்றும் எழுதி அனுப்பினேன். மறுநாளே கலெக்டர் ஆபீசிலிருந்து தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் வந்தார். வந்து உட்கார்ந்து, காபி குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்ககிட்ட கேட்டது கேஸ் நிக்குமா நிக்காதான்னு. தண்ணி விடலாமா வேணாமான்னு உங்ககிட்ட யாரு கேட்டா? அந்தக் கீழ்ப் பாதிய நீக்கிட்டு வேற எழுதிக் குடுங்க. துரை பாத்தா வம்பு."

எழுதிக் கொடுத்தேன். வக்கீல் என்பவன் கட்சிக்காரனுக்காகப் பேசுகிறவன். என் கட்சிக்காரன் சர்க்கார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் கட்சிக்காரனைப் போல ஒரு கட்சிக்காரன் என் ஜென்மப் பகையாளிக்கும் வாய்க்க வேண்டாம்.

வழக்கு எடுத்த வேகத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கொடியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். நான் எழுந்து அந்தப் பிரிவை வாசித்தேன். கேஸை விசாரித்த ஜில்லா முன்சீப் நல்ல மனிதர். உதட்டைப் பிதுக்கிவிட்டு, வாதி உரிய காலத்துக்கு முன்னால் வந்துவிட்டார் என்று எழுதித் தள்ளுபடி செய்தார். வக்கீல்கள் அறையில், "பிரமாதம்" என்று கைகுலுக்கினார்கள். அச்சிட்ட நாலு வரியை வாசித்ததற்குப் பிரமாதம்!

வெளியே வந்தபோது வாதி என்னிடமே வந்தார். தன் வக்கீலைவிட என்மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது போலிருந்தது.

"அய்யா, அந்த ரெண்டு மாசம் எதுக்குய்யா?"

"சர்க்கார் யோசிக்கிறதுக்கு."

"மடைய அடைக்கையில யோசிக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் சொன்னபடி செய்கிற ஆள், அதுதான் அவருடைய கேடு. நோட்டீஸ் கொடுத்தார். இரண்டு மாதம் பொறுத்தார். கொடியைக் காப்பாற்ற வீட்டுப் பெண்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்களாம். ஒரு கொடிக்காலுக்குக் குடத்துத் தண்ணீர் எம்மாத்திரம்? கெடு முடிந்த மறுநாள் திரும்ப வழக்குப் போட்டார். அதற்குள் கொடி முழுக்கக் காய்ந்து, படர்வதற்கு நட்ட அகத்தி மட்டும் வெறுமனே நின்றது.

இந்தத் தடவை கட்டோடு சிரஸ்தார் ஒரு குறிப்பும் கொண்டுவந்தார். பார்வையிட்டதில் அந்த நிலத்தில் கொடிக்காலே இல்லை, ஆகையால் மடைக்கும் அவசியமில்லை என்று இலாகா முடிவு செய்துவிட்டது. இல்லாத கொடிக்காலுக்குத் தண்ணீர் கேட்க வாதிக்கு உரிமையில்லை. இதை நான் கோர்ட்டில் நின்று சொன்னேன், நல்ல இங்கிலீஷில். முன்சீப் பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். பிறகு, வாதி கேட்கும் பரிகாரத்துக்குக் காலம் கடந்துவிட்டது, வேண்டுமானால் நஷ்டஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினார். முதல் வழக்கில் முந்திவிட்டார், இரண்டாவதில் பிந்திவிட்டார். இரண்டு வழக்கிலும் ஜெயித்தது நான்.

அதற்கு அடுத்த வாரம் வாதி என் வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் பழம், பாக்கு, வெற்றிலை. வக்கீலை அமர்த்த வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "இலை கடையில வாங்குனது, அய்யா தப்பா நினைக்கக் கூடாது" என்றார்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"நட்டஈட்டுக் கேசுக்கு உங்களையே வச்சுக்கிறலாம்னு வந்தேன்."

"நான் உங்களுக்கு எதிர்க்கட்சி வக்கீல்."

"தெரியும்ய்யா. ரெண்டு தடவையும் ஜெயிச்சது நீங்கதானே? தோத்த வக்கீல்கிட்டயே திரும்பப் போக நான் என்ன கிறுக்கனா?"

சர்க்கார் வக்கீல் சர்க்காருக்கு எதிராக வழக்காட முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். வேறு நல்ல வக்கீல்கள் இரண்டு பேரைச் சொன்னேன். தலையசைத்தார், காதில் வாங்கவில்லை. "அப்ப நீங்க இந்த உத்தியோகத்துல இருக்கற மட்டும் ஆகாது, அப்படித்தானே?" என்றார். எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. அப்படித்தான் என்று சொல்லித் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு மாலையே அவரை மறந்துவிட்டேன்.

அதன்பின் வருஷங்கள் போயின. நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். காலையில் என் வராந்தாவில் நிற்க இடமிருக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற பழக்கூடைகளை என் மனைவி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து மாளாது. புது கலெக்டர் வந்தார். அவருடைய பங்களாவுக்கு மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போகிறவர்களில் நான் பின்தங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நாள் கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே டவாலிச் சேவகன் வந்து ஒரு தாளை நீட்டினான். இன்று முதல் வேறொருவர், கட்டுகளை உடனே ஒப்படைக்கவும் என்று இருந்தது. சர்க்கார் மேல் கை வைக்க இரண்டு மாத நோட்டீஸ். என்னை எழுப்பிவிட ஒரு சேவகன் போதும். பாதிக் கேஸில் உட்கார்ந்தேன். அதே சிரஸ்தார் மறுநாள் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்ப் பாத்திரக்கடையில் விலை கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு எத்தனை டம்ளர் காபி கொடுத்திருப்பேன்!

அந்த வாரம் வராந்தா காலியாகக் கிடந்தது. நான் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வாதி. கடுக்கன் இல்லை. துண்டு பழசாகியிருந்தது. கையில் அதே தாம்பாளம்.

"அய்யாவுக்கு உத்தியோகம் போயிருச்சுன்னு நேத்துத்தான் கேள்விப்பட்டேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "இன்னைக்கு மொத ரயிலுக்கே ஓடியாந்துட்டேன்."

என் பதவி போனதில் சந்தோஷப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். நேரில் வந்து சொன்னவர் இவர் ஒருவர்தான். யார் இவர் என்று எனக்கு நினைவு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது.  வேறு வக்கீலிடம் போகவில்லையா என்று கேட்டேன்.

"போகலை. நீங்க உத்தியோகத்துல இருக்கற மட்டும்தான் ஆகாதுன்னீக. அதான் பொறுத்திருந்தேன். அகத்திய இன்னும் விடலய்யா. பட்டது போக மறுபடி நட்டு, குடத்துல ஊத்தி நிறுத்தி வச்சிருக்கேன். மடை தொறந்ததும் கொடி ஏத்திப்புடலாம்ல."

எனக்குக் கோபம் பொங்கியது. அவர் மேல்தான். ஊரில் அத்தனை வக்கீல் இருக்க, என்னை நம்பச் சொல்லி இந்த ஆளிடம் யார் சொன்னது? மடைக்கேஸ் அன்றைய தீர்ப்போடு முடிந்தது, நஷ்டஈடு கேட்க மூன்று வருஷம்தான் கெடு, அதுவும் எப்போதோ போய்விட்டது, இனி எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று கத்தினேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

அவர் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல முந்தி வந்தேன்னீக. அப்புறம் பிந்தி வந்தேன்னீக. இப்ப கெடுவே போச்சுங்கறீக. கோவிக்காமச் சொல்லுங்கய்யா, நான் என்னைக்குத்தான் வந்திருக்கணும்?"

இருபது வருஷம் அந்தச் சட்டத்தை வைத்துப் பிழைத்தவன் நான். பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னை வாயை மூடச் சொல்ல எந்தச் சிரஸ்தாரும் இல்லை.

"அப்படி ஒரு நாளே கிடையாது" என்றேன்.

கேட்டுவிட்டு நிதானமாகத் தலையை ஆட்டினார். நான் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை எடுத்துப் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, அகத்திய வெட்டிப்போட்டு என் சோலியப் பாத்திருப்பேன்ல?" என்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, தாம்பாளத்தோடு படியிறங்கிப் போனார்.